அமெரிக்காக்காரன் வந்த போகம்

புழுவை விரலால் நசுக்கிக் கொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இதில் எதுவுமே உண்மையாக இருக்காது. வெயில் ஏறுவதற்கு முன் மக்காச்சோளக் கொல்லையில் இறங்குவேன். குருத்தை இரண்டு பக்கமும் விலக்கி, உள்ளே ஈர மரத்தூள் மாதிரி அடைந்து கிடக்கும் அதன் கழிவைத் தள்ளிவிட்டால், அடியில் சுருண்டு கிடக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு அழுத்து. உடையும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். பச்சைக் கூழ் நகக்கண்ணுக்குள் போய்விடும். புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போவேன்.

கொல்லை ஆற்காட்டை அடுத்த திமிரி ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா விட்டுவிட்டுப் போனது. நான், என் தம்பி, அவன் பெண்டாட்டி, மூன்று பேரும் ஒரே வீடு. கட்டிய புருஷன் அடித்தான், திருப்பி அடித்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள் நான். பிறகு பத்து வருஷம் போல ஷூ கம்பெனியில் வேலை செய்தேன். முட்டி தேய்ந்தபின் நின்றுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டேன். தம்பிக்கு மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் வேலை. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடி கழிக்கிற இடம். அவன் பெண்டாட்டி ஆம்பூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் ஷூவின் மேல் தோலைத் தைக்கிற மெஷினில் இருந்தவள். அவள் தைத்தால் நூல் போன தடம் அளவுகோல் வைத்துப் போட்டது போல இருக்கும் என்று அவளோடு வேலை செய்தவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். தாலி ஏறியதும் தம்பி அவளை வேலையை விடச் சொல்லிவிட்டான். அவள் கேட்டாள், அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அவன் ஒரு வாக்குக் கொடுத்தான். இந்த மக்காச்சோளம் அறுவடையாகட்டும், அதற்கப்புறம் கம்பெனிக்குப் போகலாம் என்று. அந்த வாக்கை நம்பித்தான் அவள் அந்தப் போகம் முழுக்கக் கொல்லையில் கிடந்தாள்.

புழு வந்தபோது முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். இலையின் அடிப்பக்கம் பூசணம் மாதிரி ஒரு திட்டு. நான் ஆயிரம் முறை அதைத் தாண்டிப் போயிருப்பேன். அவள் நின்றுவிட்டாள். அது முட்டை. அடுக்கடுக்காக இட்டு, தாய் அந்துப்பூச்சி தன் உடம்பில் இருக்கும் முடியையே உதிர்த்து மேலே போர்த்திவிட்டுப் போயிருக்கிறது. போனில் பெரிதாக்கிக் காட்டினாள். என் தம்பி முடி கழிப்பவன், இவள் எடுத்துக் காட்டியதோ முடி போர்த்திய முட்டை என்று நான் கிண்டல் செய்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, அதை இலையோடு கிள்ளித் தரையில் போட்டு மிதித்தோம்.

வேளாண்மை ஆபீசிலிருந்து வந்தவர் அதை அமெரிக்கப் படைப்புழு என்றார். எங்கள் தெருவில் அதற்கு அமெரிக்காக்காரன் என்று பெயர் நின்றுவிட்டது. அது அங்கே உள்ள அந்துப்பூச்சி. கப்பலிலோ விமானத்திலோ ஆப்பிரிக்காவுக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தது என்றார். காற்றோடு ராத்திரியில் ஊர் தாண்டி ஊர் பறக்குமாம். அந்துப்பூச்சியைப் பார்த்தால் இவ்வளவு வேலை செய்யக்கூடியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், தவிடு ஒட்டினது போல ஒரு அழுக்கு. ஆணுக்கு மட்டும் இறக்கை நுனியில் வெள்ளையாக ஒரு தீற்று. புழுவுக்குத் தலையில் தலைகீழாகப் போட்ட ஆங்கில ஒய் எழுத்து மாதிரி ஒரு கோடு. வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கொல்லைக்குப் போனார்.

பிறந்த குஞ்சுப் புழு நூல் விட்டுத் தொங்கி, காற்று அடிக்கிற பக்கம் ஆடி, அடுத்த செடியில் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். வெள்ளைக் கண்ணாடித்தாள் மாதிரி தோல் மிஞ்சும். கொஞ்சம் பெரிதானதும் குருத்துக்குள் இறங்கும். அதற்கப்புறம் மருந்து அடித்தாலும் உள்ளே போகாது. ஒரு குருத்தில் எத்தனை புழு இறங்கினாலும் கடைசியில் ஒன்றுதான் இருக்கும். அது ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

புரிந்துகொள்ள ஒரு ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் புழுவைப் பிடித்துப் போட்டு, தின்னச் சோள இலையும் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு ஜன்னலில் வைத்தேன். மறுநாள் காலையில் பாதிதான் இருந்தது. இலை மிச்சம் இருந்தது. பசி இல்லை, இடம் இருந்தது, ஆனாலும் ஒன்றை ஒன்று தின்றிருக்கிறது. ஒரு பெரிய புழு இன்னொன்றின் இடுப்பைக் கவ்விக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கடிபட்டது வாயில் பச்சையாகக் கக்கிக்கொண்டு திமிறியது. மற்றது விடவில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டித் தின்றது. எல்லாம் ஒரே முட்டைத் திட்டில் பொரித்தவையாகவும் இருக்கலாம். தம்பி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அதை நின்று பார்த்தான். வேலைக்கு நேரமாவது தெரியாமல் பார்த்தான். "கடைசியில எது நிக்குதுன்னு பாத்து சொல்லுக்கா" என்றான். சாயங்காலம் கேட்டான், மறுநாளும் கேட்டான். கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது, நன்றாகக் கொழுத்து. அதை நான் கல்லில் வைத்துத் தேய்த்தேன்.

நம் வீட்டையும் அந்த பாட்டிலையும் சேர்த்துவைத்துப் பேசாதே என்று என் மனசு எனக்கே சொல்கிறது. புழுவுக்கு அக்கா தம்பி கிடையாது. எங்களுக்கு இருந்தது. எங்கள் வீட்டில் கை நீள்வது புதிதும் இல்லை. அப்பா பெல்ட்டால் அடிப்பார். ஆம்பூர் தோல், நல்ல உழைப்பு, அறுந்தே போகாது. அதை வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஆள் தேடவேண்டியிருந்தது. தம்பிக்கு வீட்டிலேயே கிடைத்தாள்.

கொல்லையில் பொறி கட்டினோம். அதில் ஒரு சின்ன ரப்பர்த் துண்டு இருக்கும். பெண் அந்தின் வாசனையை அதில் ஏற்றியிருப்பார்கள். அதை நம்பி ஆண் அந்து வந்து புனல் வழியாக அடியில் இருக்கும் வாளிக்குள் விழும், ஏறி வரமுடியாமல் இறக்கை அடித்துச் சாகும். ஒரு காலையில் வாளி நிறைய விழுந்திருந்தது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்கள இவ்ளோ ஈஸியா ஏமாத்தலாமா அண்ணி?" என்றாள். நான் சிரித்தேன். பின்னால் தம்பி நின்றதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. அவன் கை அவள் பிடரியில் விழுந்தது. அவள் முகம் சோளத்தாளில் போய் இடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், செத்ததும் சாகாததுமாக இருந்த அந்த வாளியை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தேன். அந்துத்தூள் மூக்கிலும் வாயிலும் போய் அவன் துப்பித் துப்பி இருமினான். என்னைத் தள்ளிவிட்டான், நான் வரப்பில் விழுந்தேன். எழுந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். அன்றைக்கு மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே குழம்பு ஊற்றித்தான் சாப்பிட்டோம். எங்கள் வீடு அப்படித்தான்.

மருந்து இரண்டு முறை அடித்தும் புழு குறையவில்லை. ஆபீஸ்காரர் வேறு வழி சொன்னார். மணலில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்து ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை போடுங்கள், புழுவின் உடம்பு அராவி, வெந்து செத்துவிடும் என்றார். நான் வேலூருக்கு ஒரு வேலையாகப் போகவேண்டியிருந்தது. லாங் பஜாரில் சுண்ணாம்பு வாங்கி வருகிறேன் என்றேன். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் தங்கம் வாங்கக் கிளம்பியது போல இருந்தது.

"சுண்ணாம்பப் போயி யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா? நான் வேலை செய்யற எடத்துல மலையாட்டம் கெடக்குது" என்றான்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் அப்படி ஒரு பேச்சு வரும். சுண்ணாம்பு என்றால் எங்களுக்குத் தோல் ஷெட்தான். மறுநாள் வண்டியின் பின்னால் ஒரு மூட்டை வந்தது. குழி ஓரத்தில் சிந்தியதை அள்ளிக் கட்டினது, யாரும் கேட்கமாட்டார்கள் என்றான். கொஞ்சம் ஈரமாக, சாம்பல் கலந்த பச்சையாக இருந்தது. வாயைப் பிரித்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. வெளியூர்க்காரன் யாராவது அங்கே நின்றிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது சுண்ணாம்பு இல்லை என்று அந்த நிமிஷமே சொல்லியிருப்பான். சுண்ணாம்புக்கு வாசனை ஏது? எங்களுக்குத் தோன்றவில்லை. தம்பியின் சட்டையில் அந்த நாற்றம், அவன் தலையணையில் அந்த நாற்றம், அவன் ஏறும் பஸ்ஸில் அந்த நாற்றம். மேல்விஷாரம் தாண்டும்போது ஜன்னலை மூடக்கூடத் தோன்றாத மூக்கு எங்களுடையது. தம்பி சம்பளம் வாங்குகிற இடத்து வாசனை என்று மூட்டையை ஓரமாக வைத்தோம்.

வெள்ளிக்கிழமை டேனரி லீவு. மூன்று பேரும் கொல்லையில் இறங்கினோம். தம்பி மண்வெட்டியால் மணலையும் அதையும் கலந்தான். அவன் கை படவில்லை. எனக்கு அந்த வாரம் அரிவாள் பட்டு விரலில் கட்டு போட்டிருந்தது, அதனால் கொட்டாங்குச்சியால் அள்ளிப் போட்டேன். அவள் வெறும் விரலால் போட்டாள். கொட்டாங்குச்சியில் போட்டால் சிந்துகிறது, வீணாகிறது என்றாள். என்னைவிட வேகமாக, ஒரு செடி விடாமல், குருத்தின் நடுப்புள்ளி பார்த்துப் போட்டாள்.

போட்ட கொஞ்ச நேரத்தில் புழு வெளியே வந்தது. மருந்துக்கு வராத புழு, குருத்தை விட்டு ஏறி வந்து இலையில் புரண்டது. உடம்பு சுருங்கி, நுரை கக்கி, கருத்துப்போய் விழுந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. விழுந்ததையும் மிதித்தேன். தம்பி அந்தக் கோடியிலிருந்து, அமெரிக்காக்காரன் ஒழிந்தான் என்று கத்தினான். அவளும் சிரித்தாள். அறுவடைக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று என்னிடம் கேட்டாள். அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். இலை தளர்ந்து வெந்த கீரை மாதிரி ஆகத் தொடங்கியிருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

வெயில் ஏறியது. அவள் நெற்றி வேர்வையை வழித்தாள். பிறகு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாள். "அண்ணி, கண்ணு எரியுது" என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள். கையை விலக்கிப் பார்த்தேன். இமை வீங்கிவிட்டது, உள்ளே சிவப்புமில்லை வெள்ளையுமில்லை, கலங்கல். அவள் விரலைப் பிடித்தால் சோப்பு மாதிரி வழுக்கியது. தோல் கரைந்து என் கையில் வந்தது. மோட்டாருக்குக் கரண்ட் இல்லாத நேரம். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீர் முழுவதையும் அவள் கண்ணில் ஊற்றிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன்.

அவன் ஆடி அசைந்து வந்தான். வேர்வை பட்டிருக்கும், இன்னும் நாலு வரிசைதான் இருக்கிறது, முடித்துவிட்டுப் போய்க் கழுவிக்கொள்ளட்டும் என்றான். நான் அவள் விரலைத் தூக்கி அவன் மூஞ்சிக்கு நேரே காட்டினேன். அவன் முகம் மாறியது. விரலைப் பார்த்துத்தான் மாறியது, கண்ணைப் பார்த்து இல்லை. உடனே வண்டியை எடுத்தான். மூன்று பேரும் ஆற்காட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா கண்ணில் என்ன விழுந்தது என்று கேட்டார். "சோள இலை கிழிச்சிடுச்சி மேடம்" என்றான் தம்பி. டாக்டரம்மா அவளைக் கேட்டார். அவளும், ஆமாம், இலைதான் என்று தலையை ஆட்டினாள். நான் சீட்டு வாங்கப் போன நேரத்தில் அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான், மூட்டை விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று. கண் அவிந்துகொண்டிருக்கும்போதும் அவள் அவன் வேலையைக் காப்பாற்றினாள்.

பொய், சுண்ணாம்பு விழுந்தது என்றேன் நான். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். எலும்பு நொறுங்குகிறது என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் கால் செருப்பைக் கழற்றினேன். பத்து வருஷம் செருப்பும் ஷூவும் செய்தவளுக்கு அதை எந்தப் பக்கம் பிடித்து அடித்தால் வலிக்கும் என்று தெரியும். கன்னத்தில், காதில், வாயில் அடித்தேன். ஓடி வந்தவர்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். அவன் உதட்டில் ரத்தம் வந்தது. அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அது வெறும் சுண்ணாம்பு இல்ல. முடி கழிக்கற சல்பைடு கலந்தது."

டாக்டரம்மா அதற்குமேல் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் படுக்கவைத்து பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். பிறகு வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களும் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார்கள். வலது கண்ணின் கருவிழி பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வேறொருவர் கண் வைத்துப் பார்க்கலாம், அதற்கும் உறுதி சொல்லமுடியாது என்றார்கள்.

வீட்டுக்கு அழைத்து வந்ததும் நானே அவளை ஆம்பூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்து ஷூ கம்பெனிக்குப் போய்க் கேட்டுப் பார்த்திருக்கிறாள். தெரிந்தவர்கள் என்பதால் மெஷினில் உட்காரவைத்துத் தோல் கொடுத்தார்களாம். தையல் கோட்டை விட்டு வெளியே போயிற்றாம். இன்னொன்று கொடுத்தார்களாம், அதுவும் போயிற்றாம். பேக்கிங்கில் ஷூவுக்குள் காகிதம் திணிக்கிற வேலை வேண்டுமானால் இருக்கிறது என்றார்களாம். இதை அவள் என்னிடம் போனில் சொன்னபோது அழவில்லை, நான்தான் அழுதேன்.

தம்பி வேலை போகவில்லை. அந்த மூட்டையை யாருமே தேடவில்லை.

கொல்லையில் பாதி வெந்து கிடந்தது. வேகாத பாதியில் மறுபடியும் புழு. நான் டிராக்டர் விட்டு எல்லாவற்றையும் மடக்கி உழுதேன். மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டியிருந்தவை செம்பழுப்பாகப் பளபளவென்று புரண்டு வெளியே வந்தன. டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் வரிசை கட்டிக் கொத்தின. சிலது தப்பித்திருக்கும், எங்கேயாவது பறந்துபோய் எவள் கொல்லையிலாவது முட்டையிட்டிருக்கும். வரப்பில் நின்று பார்த்தேன். இந்த முறை எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பிறகு அவளை அழைத்து வரப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனோம். நானும் வரவேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். தம்பி பேசினான். தெரியாமல் நடந்துவிட்டது, விதி, இனிமேல் கை நீட்டமாட்டேன் என்றான். அழுதான், அது பொய் அழுகை இல்லை. பெரியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தெரியாமல் செய்ததற்கு எத்தனை நாள் கோபம், ஒரு வார்த்தை சொல்லும்மா என்றார்கள். அவள் உள்ளேயிருந்து வந்து, நல்ல கண்ணுக்கு அவன் தெரிகிற மாதிரி கொஞ்சம் திரும்பி நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஷெட்டுல அத நீங்க எப்டி அள்ளுவீங்க? வெறுங்கையிலயா?"

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். இல்லை என்றான். முழங்கை வரைக்கும் கிளவுஸ் போடுவோம், போடாமல் யாரும் தொடமாட்டோம் என்றான்.

"அன்னிக்கு அந்தக் கிளவுஸ் எங்க இருந்துச்சி?"

பெரியவர்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன்.

"வண்டி பெட்டியிலதான் இருந்துச்சி" என்றான்.

"எடுத்து குடுத்திருக்கலாமே."

அவனுக்கு என்னைத் தெரியும், பொய் சொன்னால் இந்த வீட்டிலும் செருப்பு கழலும் என்று தெரியும். ஆனால் அந்தப் பயத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தேடிப் பார்த்து, உள்ளே இருந்ததைத்தான் சொன்னான்.

"தோணல" என்றான்.

அவள் சரி என்று தலையாட்டினாள். பெரியவர்களைப் பார்த்து, நான் வரவில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சோறு வெந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.